பழைய கான்டெஸாவைப் புதுப்பிக்கும் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் மஸில் கார் என்றால் 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ போல, நடுத்தர அளவுள்ள பாடியில் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திய வண்டிகளைச் சொல்வார்கள். நம் நாட்டில் அந்தப் பட்டத்தைப் பெரும்பாலும் தோற்றத்தின் பலத்திலேயே பெற்றுக்கொண்டது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் விஎக்ஸ் காரின் அச்சுகளைக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1984 முதல் 2002 வரை தயாரான இந்தக் காருக்கு நீண்ட பானெட்டும் பின்சக்கர இயக்கமும் இருந்தன. ஆனால் தொடக்கத்தில் அதற்குள் இருந்தது அம்பாசடரில் ஓடிய அதே 1489 சிசி எஞ்சின்தான், அதன் திறன் ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பின்னர் வந்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின்தான் அந்த உடம்புக்கு ஓரளவு பொருத்தமான வலுவைக் கொடுத்தது.

இந்த வண்டியைப் புதுப்பிக்கத் தொடங்கிய பலர் பாதியில் நிறுத்திவிட்டு ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருப்பதற்குக் காரணம், பாகங்களின் விலை அதிகம் என்பதல்ல. ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேர்வதே பணத்தை விழுங்குகிறது. பெயிண்ட் அடித்த பிறகு தகட்டில் துரு தெரிந்தால் பெயிண்டுக்குக் கொடுத்த பணம் போயிற்று; சீட் தைத்த பிறகு வயரிங்கில் பழுது தெரிந்தால் தைத்ததைப் பிரிக்க வேண்டும். ஆகவே செலவைக் கட்டுப்படுத்துவது என்பது பேரம் பேசுவதைவிட வேலைகளைச் சரியான வரிசையில் அமைப்பதையே பெரிதும் சார்ந்தது.

வாங்கும் நாளிலேயே பாதிச் செலவு முடிவாகிவிடும்

வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்வது வழக்கம். கான்டெஸாவைப் பொறுத்தவரை அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். 1489 சிசி எஞ்சினின் பாகங்கள் அம்பாசடருக்கும் பொது என்பதாலும், அம்பாசடர் 2014 வரை தயாரானதாலும், பிஸ்டன் செட், பேரிங், கேஸ்கெட் போன்றவை இன்றும் கிடைக்கின்றன. 1.8 இசுசு எஞ்சினும் 1990களில் அம்பாசடரில் பொருத்தப்பட்டது. ஓடாத எஞ்சினை ஓடவைக்கும் லேத் பட்டறைகளும் மெக்கானிக்குகளும் நம் பக்கத்தில் உண்டு. ஆனால் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, டெயில் லேம்ப், கிரில், டேஷ்போர்டு, கதவோரத்து மோல்டிங், உள்கைப்பிடிகள் ஆகியவை கான்டெஸாவுக்கு மட்டுமே உரியவை. அவற்றைத் தேடுவதற்கான அலைச்சலே ஒரு தனிச் செலவு. எனவே எஞ்சின் ஓடாத, ஆனால் கண்ணாடியும் அலங்காரப் பாகங்களும் முழுமையாக இருக்கிற வண்டி, எஞ்சின் நன்றாக ஓடி பாகங்கள் குறைந்திருக்கிற வண்டியைவிட மலிவானது, கேட்கும் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் கூட.

அடுத்தது தகடு. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பின்சக்கர வளைவு, கதவுகளின் கீழ்ப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் படிப்பட்டை ஆகியவற்றின் மீது அதை மெதுவாக நகர்த்தினால், இரும்புத் தகடு இருக்கும் இடத்தில் காந்தம் பிடித்துக்கொள்ளும். குழிகளை நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசப்பட்ட இடத்தில் நழுவும். பிறகு கால்மிதியையும் அதன் கீழுள்ள கார்பெட்டையும் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த தகடு மொத்தென்று ஒலித்து, சில நேரம் பொடியும் உதிரும். பேட்டரி உட்காரும் தட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரப் பகுதி, டிக்கியின் தரை, ஸ்டெப்னி குழி ஆகிய இடங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே துரு என்றால் மட்டும் விலையைக் கணிசமாகக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அந்த இடத்தை வெட்டி ஒட்டுவதற்குக் கண்ணாடியையும் டேஷ்போர்டையும் கழற்ற வேண்டியிருக்கும்.

தாள்களின் விஷயத்தில் ஓசூர் எல்லை நமக்கு ஒரு வசதியும் ஒரு கண்ணியும் ஆகும். பெங்களூருப் பக்கம் நல்ல வண்டிகள் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் கர்நாடகப் பதிவெண்ணுள்ள காரைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கு மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மைச் சான்று பெற்று, இங்கு வாகன வரியும் செலுத்த வேண்டும். விற்பவர் சொல்லும் விலை குறைவாகத் தோன்றினால் இந்தச் செலவையும் சேர்த்த பிறகே டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70 எண்ணுள்ள உள்ளூர் வண்டியோடு ஒப்பிடுங்கள். மேலும், பழைய பதிவுகள் சில இன்னும் அரசின் ‘வாகன்’ கணினித் தொகுப்பில் ஏற்றப்படாமல் இருக்கும். பதிவெண்ணைப் பரிவாஹன் தளத்தில் தேடி விவரம் வரவில்லை என்றால், அந்தப் பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தரும் பொறுப்பை விற்பவரிடமே விட்டு, அது முடிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பது நல்லது.

ஆர்சி புதுப்பிக்கும் கட்டணமும் முன்புபோல் இல்லை. 15 ஆண்டு கடந்த தனியார் காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டு கடந்த இலகுரக வாகனத்துக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. கான்டெஸா எதுவாக இருந்தாலும் இப்போது 20 ஆண்டைத் தாண்டியதே. காலாவதியான ஆர்சிக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் 500 ரூபாய் கூடும். பசுமை வரி தனி. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி வின்டேஜ் பதிவு பெற முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும் என்பதால் அந்தச் சலுகையைக் கான்டெஸாக்காரர்கள் இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த அளவுக்கு என்பதை முதலில் எழுதுங்கள்

வார இறுதியில் ஓட்டுவதற்கு நம்பகமான வண்டி வேண்டுமா, பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும் வண்டி வேண்டுமா, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் ஒவ்வொரு திருகாணியும் அசலாக வேண்டுமா என்பதை வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே செலவு பல மடங்கு வேறுபடும். நடுவழியில் மனம் மாறுவதுதான் ஆபத்து. ஓட்டுவதற்கு என்று தொடங்கி, பெயிண்ட் பளபளப்பைக் கண்டதும் குரோம் வேலையையும் அசல் துணியையும் தேடிப் போகிறவர்களே பெரும்பாலும் பணம் தீர்ந்து நிற்கிறார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வண்டியின் விலை நீங்கலாக 5 லட்சம் ரூபாய் செலவிட முடியும் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை லட்சத்தை வேறொரு கணக்கில் போட்டுவிட்டு, மூன்றரை லட்சத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். ஒதுக்கிய தொகை மிஞ்சும் என்று நினைக்க வேண்டாம். பழைய காரில் அது எப்படியும் செலவாகும். மூன்றரை லட்சத்தில் ஏறத்தாழப் பாதி டிங்கரிங், பெயிண்டிங்குக்கே போகும் என்று கணக்கிடுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு. வயரிங், சீட், ரப்பர், கண்ணாடி ஆகியவை மிச்சத்தில் அடங்க வேண்டும். இது என் கணக்கு; துரு அதிகமானால் முதல் பங்கு வீங்கும், அப்போது மற்றதைச் சுருக்க வேண்டுமே தவிர மொத்தத்தைக் கூட்டக் கூடாது.

டிங்கரிங்: பணம் கசியும் இடம்

நம் மாவட்டங்களின் நெடுஞ்சாலை ஓரங்களில் டிங்கர் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை லாரி வேலைக்குப் பழகியவை. லாரியின் தடித்த தகட்டில் ஆர்க் வெல்டிங் வைத்துப் பழகிய கை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான காரின் தகட்டில் அதையே வைத்தால் தகடு ஓட்டையாகும், சூட்டில் நெளியும். அந்த நெளிவை மறைக்க மீண்டும் பட்டி. மிக் வெல்டிங், அதாவது பட்டறைகளில் சிஓடூ வெல்டிங் என்று சொல்வது, இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அவர்கள் அண்மையில் செய்த கார் ஒன்றின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது.

எந்த நேர்மையான டிங்கரும் வண்டியைப் பார்த்த உடனே முழுத் தொகை சொல்ல மாட்டார். "பிரிச்சுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும் சார்" என்பார். அது தட்டிக்கழிப்பல்ல, உண்மை. அதனால் ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரிப்பதே உரிய வழி. முதல் ஒப்பந்தம், பாகங்களைக் கழற்றி, பழைய பெயிண்டையும் பட்டியையும் சுரண்டி, தகட்டை வெறுமையாகக் காட்டுவதற்கு மட்டும். அது முடிந்ததும் நீங்களும் அவரும் சேர்ந்து, எங்கெல்லாம் வெட்டி ஒட்ட வேண்டும் என்று சாக்குக் கட்டியால் வட்டமிட்டு, போட்டோ எடுத்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் கூலி எழுதி இரண்டாம் ஒப்பந்தத்தைப் போடுங்கள். தினக்கூலியில் விட்டால் வேலை நீளும். மொத்தக் கூலியில் கண்ணை மூடிக்கொண்டு விட்டால் துருவின் மேலேயே தகடு ஒட்டப்படும். வட்டக் கணக்கு இரண்டையும் தவிர்க்கிறது. தகடு, பிரைமர், பட்டி, பெயிண்ட் ஆகியவற்றை நீங்களே வாங்கிக் கொடுத்தால் ரசீதும் உங்களிடம் இருக்கும், தரமும் உங்கள் கையில் இருக்கும்.

முன்பணம் கேட்பது வழக்கம். கொடுங்கள், ஆனால் அடுத்த கட்ட வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும். லாரி எஃப்சி வேலை வந்தால் உங்கள் கார் ஓரத்தில் ஒதுக்கப்படும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஏனெனில் பட்டறைக்குச் சோறு போடுவது லாரிதான். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களில் எந்தப் பெயிண்டரிடமும் அவசரம் காட்ட வேண்டாம். அந்த நேரத்தில் அடிக்கப்படும் கோட் எல்லாம் காய்வதற்குள் அடுத்த கோட் ஏறும்.

பெயிண்ட் அடிக்க ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலம் நல்லது. ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் வரை நம் பகுதியில் மழையும் ஈரமும் மிகுதி. ஈரக் காற்றில் அடித்த பெயிண்ட் வெளுத்துப் பால்போலாகும். ஆடிக் காற்றில் திறந்த ஷெட்டில் அடித்தால் தூசி ஒட்டும். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் விலை குறைவு, ஆனால் அடிக்கடி பாலிஷ் கேட்கும். ஹார்டனர் கலந்த பியு (பாலியூரித்தேன்) பெயிண்ட் கூடுதல் விலைக்கு அதிக ஆண்டுகள் உழைக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குப் பியுவையே நான் பரிந்துரைப்பேன். நிறத்தை மாற்ற விரும்பினால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே நிறுத்திக்கொண்டால் அந்த அலைச்சலும், கதவின் உட்புறம், எஞ்சின் அறை ஆகியவற்றை முழுதாக அடிக்க வேண்டிய செலவும் மிச்சம்.

எஞ்சினைத் திறந்தால் ஒரேயடியாக

லேத்தில் சிலிண்டரின் உள்விட்டத்தை (போர்) அளந்து, எந்த ஓவர்சைஸ் பிஸ்டன் தேவை என்று எழுதி வாங்கிய பிறகே பிஸ்டன் செட்டை வாங்குங்கள். முன்கூட்டியே வாங்கிவிட்டு, அளவு மாறினால் மின்சாதனங்களைப் போலவே இதையும் கடைக்காரர் திருப்பி எடுக்கத் தயங்குவார். சேலமோ ஓசூரோ, எங்கு கொடுத்தாலும் கிராங்க் கிரைண்டிங், போரிங், ஹெட் சமப்படுத்துதல் மூன்றையும் ஒரே லேத்தில் ஒரே முறை கொடுப்பது மலிவு. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான் விற்கப்படுகிறது. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட் விரைவில் தேயும் என்பதால், பழைய 1489 சிசி எஞ்சினின் ஹெட் லேத்துக்குப் போயிருக்கும்போதே கடினமான வால்வு சீட் போட்டுவிட்டால், அதற்காக மறுபடி ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்களை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள எல்லா ஹோஸ்களையும், பெட்ரோல் பம்பின் டயாப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும் இதே கட்டத்தில் செய்ய வேண்டியது.

ரேடியேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. பல ஆண்டுகள் போர் தண்ணீர் ஊற்றப்பட்ட வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டால் வெள்ளையும் பழுப்புமாகப் படிவு கையில் வரும். அதே படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் இருக்கும். எஞ்சினைப் பிரித்த நிலையில் பிளாக்கைச் சுத்தம் செய்யக் கொடுத்து, பித்தளை ரேடியேட்டருக்குக் கோர் மட்டும் மாற்றி, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் ஊற்றினால் முடிந்தது. இதை விட்டுவிட்டு எஞ்சினைக் கட்டினால், சித்திரை வெயிலில் ஹெட் கேஸ்கெட் போய், லேத்துக்குக் கொடுத்த காசும் வீணாகும்.

பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு ஏதாவது ஜீப்பின் டீசல் எஞ்சினைப் பொருத்தினால் மலிவு என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அத்தகைய மாற்றத்துக்கு முன் அனுமதி தேவை. அனுமதியின்றிச் செய்தால் ஆர்சி புதுப்பிக்கும்போது சிக்கல், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல். மவுண்டிங், சைலன்சர், புரொப்பெல்லர் ஷாப்ட் என்று செலவும் குறைவதில்லை.

பாகம் தேடும் பயணங்கள்

கார் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜேசி ரோடும் சென்னைப் புதுப்பேட்டையும் தவிர்க்க முடியாதவை. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கி.மீ. என்பதால், ஒரு ரப்பருக்காகக் கூடக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றும். டீசலும் டோலும் சேர்ந்தால் அந்த ரப்பரின் விலையைப் போல் பல மடங்கு. வண்டியை முழுதாகப் பிரித்து முடிக்கும்வரை எதையும் வாங்காமல், தேவையானவற்றை ஒரே பட்டியலாக்கி, பழைய பாகங்களை மாதிரிக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மீதியைக் கடைக்காரரிடம் போட்டோ அனுப்பி, பார்சல் சர்வீஸில் வரவழைக்கலாம். கழற்றும்போது ஒவ்வொரு கதவின் திருகாணிகளையும் தனித்தனிப் பையில் போட்டு, பெயிண்டருக்கான மறைப்பு டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். வயர் முனைகளுக்கும் இதையே செய்யுங்கள். மலிவான இந்த டேப் எலக்ட்ரீஷியனின் கூலியில் நாட்கணக்கில் மிச்சப்படுத்தும்.

புதியது கிடைக்காத பாகங்களுக்கு ஓசூர் நமக்குப் பெரிய பலம். சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் கடைசல், பவுடர் கோட்டிங், பிளேட்டிங் ஆகிய எல்லாம் நடக்கின்றன. புஷ், பின், பிராக்கெட் போன்றவற்றை மாதிரி கொடுத்துச் செய்துகொள்ளலாம். பம்பருக்குக் குரோம் போட, தனியாக ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றால் விலை கூடும் அல்லது மறுப்பார்கள்; பம்பர், கைப்பிடி, ஓர மோல்டிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து, அவர்களுடைய மொத்த வேலைக்கு நடுவே போட்டுத் தரும்படி கேளுங்கள், அவசரமில்லை என்று சொன்னாலே விலை இறங்கும். இரும்புப் பம்பர் நன்றாக வரும். துத்தநாக வார்ப்பில் செய்த சிறு அலங்காரங்கள் குழிவிழுந்திருந்தால் அவற்றுக்குச் செலவிடுவது பெரும்பாலும் வீண்.

கடைசிக் கட்டமும் காப்பீடும்

சீட்டும் கார்பெட்டும் போடுவதற்கு முன், வெறும் டிரைவர் சீட்டோடு சில நூறு கி.மீ. ஓட்டிவிடுங்கள். மழை நாளில் ஒருமுறை ஓட்டினால் எந்த ரப்பர் வழியே நீர் கசிகிறது என்று வெறும் தரையில் தெரிந்துவிடும். போரிங் செய்த எஞ்சினுக்கு முதல் 500 கி.மீ. முடிந்ததும் ஆயில் மாற்றி, ஹெட் போல்டுகளை மெக்கானிக்கைக் கொண்டு மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். பிரேக் புதிதாகச் செய்த வண்டியைத் தொப்பூர் கணவாயில் சோதிக்க நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரி அணைச் சாலை போன்ற சமதளத்தில் லைனிங் படிந்த பிறகு இறக்கத்துக்குப் போகலாம்.

மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்ட விகிதப்படி 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதாவது 1489 சிசி கான்டெஸாவைவிட 1.8 இசுசு கான்டெஸாவுக்கு ஒவ்வோராண்டும் இருமடங்குக்கு மேல் கட்ட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும்போதே இதையும் கணக்கில் சேருங்கள். வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு எடுப்பதானால், ஐந்து ஆண்டு கடந்த வாகனத்தின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வதே நடைமுறை. முகவரிடம் போகும்போது ரசீதுகளையும், வெறுந்தகடாக இருந்தது முதல் பெயிண்ட் முடிந்தது வரையான போட்டோக்களையும் தேதி வரிசையில் கோப்பாக்கி எடுத்துச் செல்லுங்கள். அவை இல்லாவிட்டால் உங்கள் கார் அவருடைய கணிப்பில் பழைய இரும்பு விலைக்கே போகும்.